அமுக்கிய கல்லூரிக்கு என்ன தண்டனை?

2001 பிப்ரவரி, ஒரு வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கும் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், ஃபுட்பால் அணியின் கட்டிடத்துக்குள் போன இளம் உதவியாளர் மைக் மெக்வியரி, குளியலறையில் ஒரு சிறுவனோடு ஜெர்ரி சாண்டஸ்கியைப் பார்த்தார். சாண்டஸ்கி 30 ஆண்டுகள் அந்த அணியின் துணைப் பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏழைச் சிறுவர்களுக்காகத் தொண்டு நிறுவனம் நடத்தியவர். ஊரே மதித்த மனிதர்.

மறுநாள் காலை மெக்வியரி, தலைமைப் பயிற்சியாளர் ஜோ பட்டர்னோவின் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். பட்டர்னோ, விளையாட்டுத் துறை இயக்குநர் டிம் கர்லியிடம் சொன்னார். கர்லியும், வளாகக் காவல் துறையைக் கவனித்துவந்த துணைத் தலைவர் கேரி ஷுல்ட்ஸும் பல்கலைக்கழகத் தலைவர் கிரஹாம் ஸ்பானியரிடம் பேசினார்கள். அரசின் குழந்தைகள் நலத் துறைக்குத் தெரிவிப்பது என்பதுதான் முதலில் போட்ட திட்டம். அப்புறம் அது மாறியது. சாண்டஸ்கியிடமே பேசி, இனிமேல் சிறுவர்களை இங்கே கூட்டிவராதீர்கள் என்று சொல்லிவிடலாம் என்று முடிவானது. ஸ்பானியர் மின்னஞ்சலில் சம்மதம் தந்தார். சாண்டஸ்கி நம் பேச்சைக் கேட்காமல் போனால், முன்பே புகார் செய்யாததற்காக நாம் மாட்டிக்கொள்வோம், இதில் இருக்கும் ஒரே பாதகம் அதுதான் என்ற பொருளில் எழுதியிருந்தார்.

அந்தச் சிறுவன் யார் என்று அவர்களில் ஒருவரும் தேடவில்லை.

சாண்டஸ்கி கைதானது 2011 நவம்பரில். பத்து ஆண்டுகள் கழித்து. சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கியதாக, 2012 ஜூனில் 45 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது, அக்டோபரில் 30 முதல் 60 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை. அவர் செய்த குற்றம் நீதிமன்றத்தின் வேலை, அதில் யாருக்கும் குழப்பமில்லை. குழப்பமெல்லாம் அடுத்த கேள்வியில்தான். தெரிந்தும் தெரியாததுபோல் இருந்த பல்கலைக்கழகத்தை, அதன் ஃபுட்பால் அணியை, விளையாட்டை நடத்தும் அமைப்பு என்ன செய்வது?

முதலில் களத்தைப் புரிந்துகொள்வோம்

கல்லூரி விளையாட்டு என்றதும் நமக்கு மண்டலப் போட்டிதான் நினைவுக்கு வரும். வெயிலில் ஐம்பது பேர் வேடிக்கை பார்ப்பார்கள், மறுநாள் பேப்பரில் நாலு வரி வரும். அமெரிக்காவில் கதையே வேறு. பென் ஸ்டேட்டின் பீவர் ஸ்டேடியத்தில் 1,06,000 பேருக்கு மேல் உட்காரலாம், ஏறக்குறைய மூன்று சேப்பாக்கம். ஃபுட்பால் என்று அவர்கள் சொல்வது நம் கால்பந்து அல்ல, நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டிமோதி ஓடும் ஆட்டம். தொலைக்காட்சி உரிமை, டிக்கெட், பழைய மாணவர்களின் நன்கொடை என்று பணம் கொட்டுகிறது. பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலின் உச்சியில் இருப்பவர் ஆளுநர் அல்ல, அரசுப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர். பட்டர்னோவைப் போல 46 பருவங்கள் ஒரே அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் என்றால், பெயருக்கு மேலதிகாரி இருந்தாலும் நிஜத்தில் யாருக்கும் அவர் கீழ் இல்லை.

இதையெல்லாம் மேய்ப்பது என்.சி.ஏ.ஏ. என்ற தேசியச் சங்கம். 1906-ல் தொடங்கியது, தலைமையகம் இண்டியானாபொலிஸ் நகரில். சுமார் 1,100 கல்லூரிகள் உறுப்பினர்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இது அரசு அமைப்பு அல்ல, கல்லூரிகளே கூடி வைத்துக்கொண்ட சங்கம். இது அரசின் கரமல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1988-ல் சொல்லிவிட்டது. அதனால் அதற்கு சம்மன் அனுப்பும் அதிகாரம் கிடையாது. போனைப் பறிமுதல் செய்ய முடியாது, பொய் சொன்னவரை உள்ளே தள்ள முடியாது. உறுப்பினர்கள் உண்மையைச் சொல்வார்கள் என்ற நம்பிக்கையில்தான் அதன் விசாரணை முழுவதும் ஓடுகிறது. ஆகவே அமுக்குவது என்பது அந்தச் சங்கத்தின் அடிமடியிலேயே கைவைக்கும் காரியம்.

தவறு வேறு, அமுக்கல் வேறு

ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கதை இதற்குச் சின்னதாக, பாதிப்பும் குறைவான ஒன்றாக இருப்பதால் விளக்க வசதியானது. அங்கே சில ஆட்டக்காரர்கள் தங்கள் பரிசுப் பொருட்களையும் சட்டைகளையும் ஒரு பச்சை குத்தும் கடைக்காரருக்குக் கொடுத்துப் பணமும் இலவசப் பச்சையும் வாங்கிக்கொண்டார்கள். அன்றைய விதிப்படி தவறு, ஆனால் உலகம் அழிந்துவிடும் தவறல்ல. பயிற்சியாளர் ஜிம் டிரெஸலுக்கு 2010 ஏப்ரலிலேயே மின்னஞ்சலில் தகவல் வந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. செப்டம்பரில், எனக்குத் தெரிந்து எந்த விதிமீறலும் இல்லை என்று கையெழுத்தும் போட்டார். மின்னஞ்சல்கள் வெளியே வந்ததும், 2011 மே மாதம் வேலையை விட்டுப் போனார். ஆட்டக்காரர்கள் செய்தது சில ஆட்டங்கள் தடையோடு முடிந்திருக்க வேண்டிய விவகாரம். பயிற்சியாளர் வாயை மூடிக்கொண்டதால் அது அணியின் தலையில் விழுந்தது.

அந்த ஆண்டு அணி சுமாராகத்தான் ஆடியது. ஆறு வெற்றி, ஆறு தோல்வி. எப்படியும் சோபிக்காத ஆண்டு என்பதால், பருவ முடிவில் நடக்கும் பவுல் ஆட்டத்தைத் தாங்களாகவே விட்டுக்கொடுத்திருந்தால் தண்டனை அதோடு கழிந்திருக்கலாம். விடவில்லை, போய் ஆடித் தோற்றார்கள். அடுத்த ஆண்டுக்கு என்.சி.ஏ.ஏ. பவுல் தடை போட்டது. அந்த 2012-ல் அணி 12-க்கு 12 வென்றது. எந்தக் கோப்பைக்கும் ஆட முடியவில்லை.

இப்படி ஒரு பயிற்சியாளர் தனியாக மறைப்பது ஒரு வகை. தலைவர், இயக்குநர், சட்ட ஆலோசகர், அறங்காவலர்கள் என்று மேலே உள்ளவர்கள் தெரிந்தே பேசி வைத்துக்கொண்டு மறைத்தால் அதுதான் நிறுவன மூடிமறைப்பு. இரண்டுக்கும் ஒரே அளவுகோல் போட முடியாது. மறைத்தவர் எவ்வளவு உயரத்தில் இருந்தார் என்பதும், மறைத்த காலத்தில் வேறு யாருக்காவது தீங்கு நடந்ததா என்பதும்தான் முதலில் பார்க்க வேண்டியவை. பென் ஸ்டேட்டை பச்சை குத்தும் கடையிலிருந்து பிரிப்பது இந்த இரண்டாவது விஷயம்.

ஒரே ஒரு தடவை விழுந்த மரண அடி

என்.சி.ஏ.ஏ. கையில் உள்ள ஆயுதங்களிலேயே பெரியதற்கு மக்கள் வைத்த பெயர் மரண தண்டனை. ஓர் அணியின் ஆட்டத்தையே நிறுத்திவிடுவது. முதல் பிரிவு ஃபுட்பாலில் அது விழுந்தது ஒரே ஒரு அணியின் மேல்: டெக்ஸாஸின் டாலஸ் நகரில் இருக்கும் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம், சுருக்கமாக எஸ்.எம்.யு.

1980-களின் தொடக்கத்தில் நாட்டின் முன்னணி அணிகளில் ஒன்று அது. பணக்காரப் பழைய மாணவர்கள் ஒரு நிதி வைத்து ஆட்டக்காரர்களுக்கு மாதாமாதம் ரகசியமாகப் பணம் கொடுத்துவந்தார்கள். 1985-ல் பிடிபட்டு, கண்காணிப்பில் வைக்கப்பட்டது. அதன் பிறகும் பணம் போய்க்கொண்டே இருந்தது, 13 பேருக்குச் சுமார் 61,000 டாலர். ஏன் நிறுத்தவில்லை என்றால், ஏற்கெனவே வாக்குக் கொடுத்தாயிற்று, அந்தப் பையன்கள் படித்து முடிக்கும் வரை கொடுத்து மெல்ல மெல்ல நிறுத்திக்கொள்ளலாம் என்று நிர்வாகக் குழுவில் இருந்தவர்களே முடிவெடுத்திருந்தார்கள். குழுவின் தலைவராக இருந்த பில் கிளெமென்ட்ஸ் இதை 1987 மார்ச்சில் ஒப்புக்கொண்டார். அப்போது அவர் டெக்ஸாஸ் மாநில ஆளுநர்! திருட்டைக் கண்டுபிடித்தபின் தவணை முறையில் நிறுத்துவது என்ற யோசனை எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

1987 பிப்ரவரியில் அந்த ஆண்டுப் பருவத்தை என்.சி.ஏ.ஏ. ரத்து செய்தது. 1988-ல் சொந்த மைதானத்தில் ஆடக் கூடாது என்றது. ஆள் சேராததால் அந்தப் பருவத்தையும் எஸ்.எம்.யு. தானே கைவிட்டது. தடை வந்ததும் மற்றப் பல்கலைக்கழகங்களின் ஆட்கள் வளாகத்துக்குள் புகுந்து ஆட்டக்காரர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். 1989-ல் பெரும்பாலும் அனுபவமில்லாத பையன்களோடு திரும்பி வந்த அணியை ஹூஸ்டன் பல்கலைக்கழகம் 95-21 என்று நொறுக்கியது. அடுத்த பவுல் ஆட்டத்துக்கு அணி தேறியது 2009-ல்.

95-21 என்று அடி வாங்கிய அந்தப் பதினெட்டு வயதுப் பையன்களில் யாரும் ரகசியப் பணம் வாங்கியவர்கள் அல்ல. வாங்கியவர்கள் வேறு அணிகளில் ஆடிக்கொண்டிருந்தார்கள். கொடுக்க முடிவெடுத்தவர் ஆளுநராக இருந்தார். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நாம் கேட்பதை அன்று பலரும் அங்கே வேறு சொற்களில் கேட்டார்கள். அந்த ஆயுதத்தைப் பெரிய ஃபுட்பால் அணி எதன் மீதும் அதன்பின் யாரும் எடுக்கவில்லை.

பென் ஸ்டேட்டுக்கு என்ன கிடைத்தது

பல்கலைக்கழகமே அமர்த்திய முன்னாள் எஃப்.பி.ஐ. இயக்குநர் லூயிஸ் ஃப்ரீயின் அறிக்கை 2012 ஜூலை 12-ல் வந்தது. கெட்ட பெயர் வந்துவிடுமோ என்ற பயத்தில் மேலிடத்தார் நால்வரும் மறைத்தார்கள் என்று அது சொன்னது. பட்டர்னோ அந்த ஜனவரியிலேயே இறந்துவிட்டார், அவர் மீது வழக்கு எதுவும் இல்லை. அறிக்கையின் முடிவுகளை அவருடைய குடும்பம் கடுமையாக மறுத்தது.

பதினோரு நாள் கழித்து, ஜூலை 23-ல் என்.சி.ஏ.ஏ. தலைவர் மார்க் எம்மர்ட் தண்டனையை அறிவித்தார். 6 கோடி டாலர் அபராதம், அதாவது அந்த ஃபுட்பால் அணியின் ஓராண்டு வருமானத்தின் அளவு. நான்கு ஆண்டுகள் பவுல் தடை. ஆண்டுக்கு 25 பேருக்குத் தரும் ஸ்காலர்ஷிப் 15 ஆகக் குறைப்பு. ஐந்து ஆண்டு கண்காணிப்பு. 1998 முதல் 2011 வரை அணி பெற்ற 112 வெற்றிகள் ஏட்டிலிருந்து நீக்கம். அவற்றில் 111 பட்டர்னோவுடையவை; 409 வெற்றிகளோடு முதல் பிரிவு ஃபுட்பால் வரலாற்றில் முதலிடத்தில் இருந்த அவருடைய கணக்கு 298-க்கு இறங்கியது. அபராதப் பணம் சிறார் பாலியல் வன்கொடுமையைத் தடுக்கும் பணிகளுக்குப் போக வேண்டும் என்றார்கள். விரும்பும் ஆட்டக்காரர்கள் ஓராண்டு காத்திருக்காமல் உடனே வேறு அணிக்கு மாறலாம் என்றும் சொன்னார்கள்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கோளாறு, செய்த முறையில் இருந்தது. சங்கம் தானாக விசாரிக்கவில்லை, விதிமீறல் குழுவின் முன் வழக்கு போகவில்லை, ஃப்ரீ அறிக்கையை எடுத்து அப்படியே தீர்ப்பாக்கிவிட்டார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் ஃபுட்பாலே சில ஆண்டுகள் நின்றுபோகலாம் என்ற நிலையில் பல்கலைக்கழகத்தின் புதிய தலைவர் தண்டனையை ஏற்றுக் கையெழுத்திட்டார். இதில் நமக்கு அதிகாரம் இருக்கிறதா என்று சங்கத்துக்குள்ளேயே சந்தேகம் இருந்ததும், இதை ஒரு வெற்று மிரட்டல் என்றே ஓர் அதிகாரி எழுதியதும் 2014-ல் வெளியான உள் மின்னஞ்சல்களில் தெரிந்தது. பென்சில்வேனியா மாநில செனட்டர் ஒருவரும் மாநிலப் பொருளாளரும் வழக்குப் போட்டார்கள். ஸ்காலர்ஷிப்புகள் படிப்படியாகத் திரும்பின, 2014-ல் பவுல் தடை நீங்கியது, 2015 ஜனவரியில் 112 வெற்றிகளும் ஏட்டுக்குத் திரும்பி வந்தன. மிஞ்சியது பணம் மட்டும், அதுவும் மாநிலத்துக்குள்ளேயே செலவாகும் என்ற ஏற்பாட்டோடு.

வெற்றிகளை அழிப்பது பற்றி ஒரு வார்த்தை. அதில் எனக்கு எப்போதுமே நம்பிக்கை இல்லை. ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேர் பார்த்த ஆட்டத்தை நடக்கவில்லை என்று ஏட்டில் எழுதுவதால் யாருக்கு என்ன? பாதிக்கப்பட்ட ஒருவருக்கும் அதில் காசு இல்லை, ஆறுதலும் இல்லை. கெட்டதிலும் கெட்டது, பேச்சு முழுவதும் 409-ஆ 298-ஆ என்ற பக்கம் திரும்பிவிட்டது. எண்ணைத் திருப்பிக் கொடுத்தபோது ரசிகர்கள் கொண்டாடவே செய்தார்கள்.

நிஜமான அடி வேறு இடங்களிலிருந்து வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குப் பல்கலைக்கழகம் 10 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கொடுத்தது. வளாகக் குற்றங்களை வெளியிட வேண்டும் என்ற கிளெரி சட்டத்தை மீறியதற்காக, மத்தியக் கல்வித் துறை 2016-ல் 24 லட்சம் டாலரை ஒட்டிய அபராதம் போட்டது. கர்லியும் ஷுல்ட்ஸும் 2017-ல் குழந்தைகளை ஆபத்துக்குள்ளாக்கியதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார்கள். மேல்முறையீடுகள் முடிந்து ஸ்பானியர் 2021-ல் இரண்டு மாதம் போல உள்ளே இருந்தார். இந்தியாவில் இதே 2012-ல் வந்த போக்சோ சட்டத்தில், தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. அங்கேயும் இங்கேயும் சட்டம் நேராக ஆளைப் பிடிக்கிறது. விளையாட்டுச் சங்கம் பிடிப்பது அணியை.

விதியில் ஓட்டை

பென் ஸ்டேட்டில் சூடு பட்டபின் என்.சி.ஏ.ஏ. எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டது. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மருத்துவர் லாரி நாசர் நூற்றுக்கணக்கான பெண்களையும் சிறுமிகளையும் பல ஆண்டுகள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கினார். புகார்கள் வந்தும் அவர் வேலையில் நீடித்தார். பல்கலைக்கழகம் 332 பேருக்கு 50 கோடி டாலர் தர 2018-ல் சம்மதித்தது, தலைவர் பதவி விலகினார், கல்வித் துறை 2019-ல் 45 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. என்.சி.ஏ.ஏ. என்ன செய்தது? 2018 ஆகஸ்டில், எங்கள் விதி எதுவும் மீறப்படவில்லை என்று கோப்பை மூடியது.

டெக்ஸாஸின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் ஃபுட்பால் ஆட்டக்காரர்கள் மீது வந்த பாலியல் வன்முறைப் புகார்கள் முறையாகக் கையாளப்படாமல் கிடந்தன. 2016-ல் பயிற்சியாளர் ஆர்ட் பிரைல்ஸ் நீக்கப்பட்டார், பல்கலைக்கழகத் தலைவர் பதவியும் பறிபோனது. என்.சி.ஏ.ஏ. குழுவின் முடிவு 2021-ல் வந்தது. அறத்தின்படி பெருந்தோல்வி என்று பல்கலைக்கழகமே ஒப்புக்கொள்கிறது, ஆனால் இது எங்கள் விதிப்புத்தகத்தில் இல்லையே என்று மிகுந்த தயக்கத்தோடு சொல்லிக் கைவிரித்தார்கள். வேறு சில்லறை மீறல்களுக்காக நான்கு ஆண்டு கண்காணிப்பும் 5,000 டாலர் அபராதமும் மட்டும். ஆட்டக்காரர்களின் புகார்களை மட்டும் தனியாக மறைக்கவில்லை, வளாகம் முழுவதிலுமே புகார்களைக் கவனிக்கவில்லை என்பதுதான் பெய்லரைக் காப்பாற்றிய வாதம். எல்லோருக்கும் சமமாக மோசம் செய்தால் தப்பிக்கலாம் என்று அர்த்தமாகிறது.

வட கரோலினா பல்கலைக்கழகத்திலும் இதே கதைதான். 18 ஆண்டுகள், சுமார் 3,100 மாணவர்கள் பெயரளவு வகுப்புகளில் மதிப்பெண் வாங்கினார்கள், பலர் விளையாட்டு வீரர்கள். ஆனால் அந்த வகுப்புகளில் யார் வேண்டுமானாலும் சேரலாம் என்பதால் இது விளையாட்டுக்கான சலுகை ஆகாது என்று 2017-ல் விட்டுவிட்டார்கள்.

ஆக, ஒரே சங்கம் 2012-ல் விதி இல்லாமல் தண்டித்தது, 2018-லும் 2021-லும் விதி இல்லை என்று தண்டிக்காமல் விட்டது. முதலாவது வழக்கில் தோற்கும், மற்றவை மனசாட்சியில் தோற்கும். விதியை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் இரண்டுமே நேர்ந்திருக்காது. பாலியல் வன்முறைப் புகார் எதுவாக இருந்தாலும் விளையாட்டுத் துறையில் உள்ளவர் இத்தனை மணி நேரத்துக்குள் காவல் துறைக்கும் வளாக அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காவிட்டால் அது உயர்நிலை விதிமீறல். இதை எழுத ஒரு பக்கம் போதும். குற்றத்தை விசாரிப்பது போலீஸின் வேலை. சொன்னாயா, சொல்லவில்லையா என்று பார்ப்பது மட்டும் சங்கத்தின் வேலை. எல்லை அவ்வளவு சுருக்கமாக இருந்தால் நீதிமன்றத்திலும் நிற்கும்.

அடி யார் மேல் விழ வேண்டும்

சென்னை சூப்பர் கிங்ஸை 2015-ல் லோதா குழு இரண்டு ஆண்டு நிறுத்திவைத்தது நினைவிருக்கும். சூதாட்டத்தில் மாட்டியவர் அணி நிர்வாகத்தைச் சேர்ந்தவர், மஞ்சள் சட்டையை மடித்து வைத்தவர்கள் ரசிகர்கள், தோனி புனே அணிக்கு ஆடினார். வீரர்களுக்கு வேறு அணி கிடைத்தது, சம்பளமும் கிடைத்தது. அமெரிக்கக் கல்லூரி மாணவனுக்கு அவ்வளவு எளிதல்ல. அவன் ஆடக் கிடைப்பது நான்கைந்து ஆண்டு. அதில் இரண்டு போனால் பாதி வாழ்க்கை போன மாதிரி.

இந்த வாதம் இப்போது வென்றுவிட்டது. 2022 முதல் நடப்பில் இருக்கும் என்.சி.ஏ.ஏ.-வின் புதிய அமைப்புச் சட்டம், தவறில் பங்கில்லாத மாணவர்களைத் தண்டனை தொடக் கூடாது, முடிந்தவரை பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறது. 2023-ல் டென்னசி பல்கலைக்கழகத்துக்கு 80 லட்சம் டாலர் அபராதம், பவுல் தடை இல்லை. 2025 ஆகஸ்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் முறை (நாசர் இருந்த மிச்சிகன் ஸ்டேட் வேறு). எதிரணிகள் ஆடுகளத்தில் காட்டும் சைகைகளை ஆள் வைத்துப் படம்பிடித்த விவகாரம் அது. விசாரணை வந்ததும் மூலகாரணமான ஊழியர் தன் போனை ஒரு குளத்தில் எறிந்தார், ஒரு பயிற்சியாளர் 52 குறுஞ்செய்திகளை அழித்தார். பல ஆண்டு பவுல் தடைக்குத் தகுதியான வழக்குதான், மாணவர்களுக்காகப் போடவில்லை என்று குழுவே எழுதியது. அதற்குப் பதில் பவுல் வருமானத்துக்கு ஈடான பணத்தையும் ஃபுட்பால் பட்ஜெட்டில் 10 சதவீதத்தையும் பிடுங்கினார்கள். மொத்தம் 2 கோடி டாலரைத் தாண்டும் என்று கணக்கிட்டார்கள். 2023 பருவத்துக்கான சாம்பியன் பட்டம் அப்படியே இருக்கிறது.

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது. மிச்சிகன் மாதிரி பணக்கார இடத்துக்கு 2 கோடி டாலர் என்பது பட்டத்துக்குக் கொடுத்த விலை மாதிரி. கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போகலாம். எந்த அணியும் வாங்கத் தயாராக இருக்கும் விலையை அபராதம் என்று எப்படிச் சொல்வது?

அமுக்குகிறவர்கள் மனக்கணக்குப் போட்டுத்தான் அமுக்குகிறார்கள். சொன்னால் இவ்வளவு போகும், சொல்லாவிட்டால் ஒருவேளை எதுவுமே போகாது. ஸ்பானியரின் மின்னஞ்சல் அந்தக் கணக்குத்தான். தண்டனை இந்தக் கணக்கைக் கவிழ்க்க வேண்டும். அதற்குப் பெரிய தொகையைவிடப் பெரிய இடைவெளி வேண்டும். தானாக வந்து சொன்னவருக்கு மிகக் குறைவு, பிடிபட்டபின் ஒப்புக்கொண்டவருக்கு நடுத்தரம், போனைக் குளத்தில் போட்டவருக்கு உச்சம். இன்று இந்தப் படிகள் ஏட்டில் இருக்கின்றன, ஆனால் நடைமுறையில் முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் தூரம் போதவில்லை.

அப்புறம் ஆட்கள். ஷோ காஸ் என்று ஓர் உத்தரவு உண்டு. அது பெற்ற பயிற்சியாளரை வேலைக்கு எடுக்கும் கல்லூரி, சங்கத்தின் முன் வந்து காரணம் சொல்ல வேண்டும். நடைமுறையில் அத்தனை ஆண்டு வேலை இல்லை என்று அர்த்தம். எனக்குப் பிடித்த ஆயுதம் இதுதான், ஏனென்றால் இது மாணவனைத் தொடுவதே இல்லை. ஆனால் பெரும்பாலும் பயிற்சியாளரோடு நின்றுவிடுகிறது. இயக்குநர், தலைவர், அறங்காவலர் வரை ஏற வேண்டும். டிரெஸலுக்கு ஐந்து ஆண்டு ஷோ காஸ் போட்டார்கள். அது முடிவதற்குள்ளேயே 2014-ல் அவர் வேறொரு பல்கலைக்கழகத்தின் தலைவராகிவிட்டார், 2025-ல் ஒஹாயோவின் துணை ஆளுநர். பயிற்சியாளர் நாற்காலிக்குத்தான் தடை, அதைவிட உயரமான நாற்காலிக்கு இல்லை.

பவுல் தடையை ஒரேயடியாக மூட்டை கட்டுவதிலும் எனக்குச் சம்மதமில்லை. மேலிடமே சேர்ந்து மறைத்து, அதனால் மேலும் ஆட்கள் பாதிக்கப்பட்டிருந்தால் அணி வெளியே உட்காரத்தான் வேண்டும். மாணவர்கள் வேண்டுமானால் அன்றே வேறு கல்லூரிக்குப் போகட்டும், ஸ்காலர்ஷிப்பைப் பழைய கல்லூரியே கட்டட்டும். பென் ஸ்டேட்டில் முதல் பாதியைச் செய்தார்கள். போனவர் சிலர்தான், இருந்தவர்கள் அந்த ஆண்டு எட்டு ஆட்டம் வென்றார்கள். வானம் இடிந்து விழவில்லை.

இத்தனை பேச்சிலும் ஒருவரை மறந்துவிடுகிறோம். முதலில் வாய் திறந்தவர். மெக்வியரி வேலையை இழந்தார். 2016-ல் நீதிமன்றம் அவருக்கு ஒரு கோடியே 20 லட்சம் டாலருக்கு மேல் தரச் சொன்னது. அது நீதிமன்றம் கொடுத்தது, விளையாட்டுச் சங்கம் கொடுத்ததல்ல.

பெய்லரிலேயே முன்னொரு கதை உண்டு. 2003-ல் அங்கே ஒரு கூடைப்பந்து வீரர் சக வீரரால் கொல்லப்பட்டார். இறந்தவரின் கல்விக் கட்டணத்தை விதிக்குப் புறம்பாகக் கட்டியது தான்தான் என்பது தெரியக் கூடாது என்பதற்காக, பயிற்சியாளர் டேவ் பிளிஸ் ஒரு வேலை செய்தார். செத்தவன் போதைப்பொருள் விற்றுக் கட்டணம் கட்டினான் என்று சொல்லுங்கள் என மற்ற வீரர்களுக்கும் உதவியாளர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். துணைப் பயிற்சியாளர் ஏபர் ரவுஸ் பயந்துபோய் அந்தப் பேச்சை ஒலிப்பதிவு செய்து வெளியே கொண்டுவந்தார். பிளிஸுக்கு 2005-ல் பத்து ஆண்டு ஷோ காஸ் விழுந்தது. அது முடிவதற்கு முன்பே, என்.சி.ஏ.ஏ.-வில் சேராத ஒரு சின்னக் கல்லூரியில் அவர் மறுபடி பயிற்சியாளர் ஆனார். தன் தலைமைப் பயிற்சியாளரையே பதிவு செய்தவன் என்ற பெயரோடு ரவுஸ் வேலை தேடினார். கல்லூரிப் பயிற்சியாளராக அவருடைய வாழ்க்கை ஏறக்குறைய அத்தோடு முடிந்தது. அவர் மேல் எந்த ஷோ காஸும் இல்லை.